தார் உரியாமல் காக்கும் திரவம்: ஏற்காட்டுத் தோட்டச் சாலையில் ஓராண்டு

சேர்வராயன் மலையின் கல் கருத்து இறுகி, எந்தப் பாரத்தையும் தாங்கும் போலத் தோன்றினாலும், தாரோடு அதற்கு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. சார்னகைட் வகையைச் சேர்ந்த இந்தக் கல்லில் சிலிக்கா மிகுந்திருக்கும் இடங்களில், அதன் பரப்பு தாரைவிடத் தண்ணீரோடுதான் எளிதில் ஒட்டும். மழைநீர் மெல்ல உள்ளே புகுந்து கல்லுக்கும் தாருக்கும் இடையில் தங்கிவிட்டால், தார் தோல்போல் உரிந்து வந்துவிடும். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு நான் முன்பு போட்டுக் கொடுத்த சாலை, இரண்டு மழைக்காலத்துக்குள் ஜல்லி தனியாகப் பெயர்ந்து கிடந்ததற்கு இதுவே காரணம். அதனால் அதே இடத்தில் 600 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்கு மறுபடி போடும்போது, சேலத்தில் ஒரு கடையில் சிலேன் என்ற சிலிக்கான் சார்ந்த வேதிப்பொருள் வகைத் திரவம் ஒன்றை வாங்கித் தாரில் கலந்தேன்.

அளவு மிகக் குறைவு: ஒரு டன் தாருக்கு ஒரு கிலோ, அதாவது 0.1 சதவீதம். இது கல்லின் பரப்பில் உள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து, தண்ணீரை ஈர்க்கும் பரப்பைத் தண்ணீரை விலக்கும் பரப்பாக மாற்றிவிடுகிறது. விற்பவரின் பேச்சை மட்டும் நம்பாமல், இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6241 சொல்லும் சோதனையை வேலை தொடங்கும் முன்பே செய்து பார்த்தேன். 200 கிராம் கல்லில் 10 கிராம் தாரைப் பூசி, 40 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் மூழ்க வைத்து, தார் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவதுதான் அந்தச் சோதனை; நெடுஞ்சாலைப் பணிகளுக்கு 95 சதவீதப் பரப்பிலாவது தார் நிலைத்திருக்க வேண்டும். திரவம் சேர்க்காத கல்லின் விளிம்புகளெல்லாம் வெளுத்துத் தெரிந்தன. சேர்த்த கல்லில் தேடித்தான் ஓரிரு புள்ளிகளைக் கண்டுபிடிக்க முடிந்தது.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்றும் கிடைத்தது. அடிவாரத்துக் கலவை ஆலையிலிருந்து லாரி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவதற்குள், தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும் கலவை கணிசமாக ஆறிவிடும். ரோலர் ஓட்டி முடிக்கும்வரை வெப்பம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. இந்த முறை சற்று ஆறிய கலவைகூடக் கட்டி தட்டாமல் பரவியது, ரோலருக்கும் எளிதில் படிந்தது. மலையில் வேலை செய்பவர்களுக்கு இது ஒன்றே போட்ட காசுக்கு ஈடாகும் என்பது என் கணிப்பு.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் நாள் வந்த சிப்ஸில், அதாவது பொடி ஜல்லியில், கிரஷர் தூசி அப்பியிருந்தது. அவசரத்தில் அதைக் கழுவாமல் ஆலைக்கு அனுப்பியது என் தவறு. அன்று போட்ட பகுதியில் ஆங்காங்கே கல் பெயர்ந்திருக்கிறது. தூசியின் மேல் பூசிய தாரை எந்தத் திரவத்தாலும் கல்லோடு பிணைக்க முடியாது. சில்வர் ஓக் மரங்களை ஒட்டிய ஒரு வளைவில் மேட்டிலிருந்து வரும் ஊற்றுநீர் அடியிலிருந்தே கசிகிறது. அங்கும் ஐப்பசி மழைக்குப் பிறகு குழி விழுந்தது. மற்ற இடங்களில் சாலை ஓராண்டாகக் கலையாமல் இருக்கிறது.

தார் வெயிலில் இளகுவதை இத்திரவம் தடுக்கும் என்று கடையில் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. சாலைக்குப் பயன்படும் விஜி-30 என்ற தர வகைத் தாரின் இளகுநிலை குறைந்தது 47 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரம். இவ்வளவு சிறிய அளவு அதைக் குறிப்பிடத்தக்க வகையில் உயர்த்தாது. ஓமலூர்ப் பக்கத்துச் சமவெளியில் சித்திரை வெயிலைத் தாங்க வேண்டிய சாலைக்கு, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் வகுத்த பிளாஸ்டிக் முறையையே தேர்ந்தெடுப்பேன். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவி உருகவிட்டுப் பிறகு தாரைச் சேர்க்கும் அந்த முறையில், தாரின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் பிளாஸ்டிக் போகிறது. ஆனால் துகள் மூட்டையை வாங்கும்போது பிவிசி துண்டுகள் கலந்திருக்கின்றனவா என்று கொட்டிப் பார்த்துவிட வேண்டும். சூட்டில் அவை நச்சுப்புகையைக் கிளப்பும்.

திரவத்துக்குத் திரும்பி வந்தால், கேனில் தமிழில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாதது பெரிய குறை. கொதிக்கும் தாரில் மெதுவாக ஊற்ற வேண்டும், கையுறை அணிய வேண்டும் என்பதையெல்லாம் ஆலைத் தொழிலாளர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதோடு, எனக்குத் தேவைப்பட்டது நான்கு கிலோ. கடையில் இருந்ததோ 20 லிட்டர் கேன் மட்டுமே. மீதி என் கிடங்கில் நிழலில் இருக்கிறது. காலாவதி தேதிக்குள் இன்னொரு மலைச்சாலை வேலை கிடைத்தால் அதையே பயன்படுத்துவேன். சிறிய கேன் வரும்வரை புதிதாக வாங்குவதாக இல்லை.