2,350 ராண்ட் போச்சு: பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மூன்றாவது தடவையாக அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், அதே பெட்டியோடு இப்போதுதான் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். 2,350 ராண்ட். எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்படி புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயர் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு மாலுக்குள் இருக்கிற கடை. கைப்பேசி உறை, ஸ்பீக்கர், டிரோன், பொம்மை, பரிசுப் பொருள் எல்லாம் கலந்து விற்கிற வகை. அந்த வகைக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் இருபத்தேழு நட்சத்திரங்களின் பெயரைப் பாடமாக எடுத்தேன். அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால் பிள்ளைகள் அம்மா முகத்தைப் பார்க்கிறார்கள், அவர்களே சொல்லட்டும் என்றுதான். என் அண்ணன் மகளுக்குக் கேட்டை. "அது நிஜமாவே வானத்துல இருக்கா அத்தை?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லி, அன்றைக்கு ராத்திரியே வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தமிழ்நாட்டில் கேட்டை தெற்கே சாய்ந்து தெரியும். எங்கள் ஊரில் ஆடி மாதம் இரவு எட்டரை மணிக்கு ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். விருச்சிகத்தின் நெஞ்சில் சிவப்பாக இருக்கும் அந்த நட்சத்திரத்தைத்தான் வெளிநாட்டுப் புத்தகங்களில் அன்டாரெஸ் என்று போட்டிருப்பார்கள். டர்பனில் ஆடி மாதம் குளிர்காலம், மழை குறைவு, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பிள்ளை கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அதே பேச்சு. எங்கள் நாட்டில் சதர்லாந்து என்ற ஊரில் உள்ள சால்ட் என்கிற பெரிய தொலைநோக்கியில் 91 கண்ணாடிகள் சேர்ந்து ஒரே கண்ணாடியாக வேலை செய்கின்றன என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தாள். இந்த ஆடி மாதம் அவளுக்குப் பதினொரு வயது. பிறந்த நாளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன். ராத்திரி வேலை முடிந்து வந்து ரவிக்கை தைத்துச் சேர்த்த காசு, பல மாதக் காசு. 2,500 ராண்டுக்கு மேல் போக முடியாது.

கடைக்குள் போனதும் விற்பனைப் பையன் ஒருவன் வந்தான். நெற்றியில் சந்தனம், கையில் சிவப்புக் கயிறு. "வணக்கம் ஆன்ட்டி" என்றான். இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதைக் கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. கோயில் வகுப்பு, அண்ணன் மகள், கேட்டை எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டான். அவனுடைய தங்கைக்கும் இதே ஆசைதான் என்றான். பெட்டியை எடுத்து, அதன் மேல் 525 மடங்கு என்று பெரிதாக அச்சடித்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டி, "இதுல அவ நட்சத்திரம் பந்து மாதிரி தெரியும் ஆன்ட்டி" என்றான். பெட்டியில் நிறம் நிறமாக மேகக் கூட்டங்கள், வளையத்தோடு சனி. பிடிக்காவிட்டால் என்று கேட்டேன். "நீங்க நம்மாளு ஆன்ட்டி, கொண்டு வாங்க, நான் இருக்கேன்" என்றான். கார்டைத் தேய்த்தேன். 2,350 ராண்ட்.

அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கண்ணாடி எவ்வளவு பெரிது என்று கேட்கவில்லை. கடையிலேயே முக்காலித் தாங்கியில் மாட்டிக் காட்டு என்று சொல்லவில்லை. வணக்கம் சொன்ன பிள்ளை ஏமாற்றாது என்று இருந்துவிட்டேன்.

பிறந்த நாளன்று மாலை வளர்பிறை நிலா. 20 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்த கண்வில்லையை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லையைப் போட்டோம், நிலாவின் பள்ளங்கள் தெரிந்தன. பிள்ளை கூச்சலிட்டாள், நான் உள்ளுக்குள் பையனை வாழ்த்தினேன். ஆனால் தாங்கியின் கால்கள் குடைக்கம்பி மாதிரி, மெல்லிசு. கை பட்டால் நிலா துள்ளும், அடங்குவதற்குள் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். சரி, பழகினால் வரும் என்று நினைத்தேன்.

அப்புறம் கேட்டை. எட்டரை மணிக்கு அது உச்சியில் நிற்கிறது, குழாயை அவ்வளவு நிமிர்த்தினால் தாங்கியில் இடிக்கிறது. மேற்கே சாயட்டும் என்று பத்தரை மணி வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தோம். பந்து மாதிரி தெரிய வேண்டுமே என்று 4 மில்லிமீட்டர் வில்லையைப் போட்டேன், எண் குறையக் குறையப் பெரிதாகக் காட்டும். படம் கூர்மையாகத் தெரிவதற்குக் குவியம் திருகுகிற பிளாஸ்டிக் பல்சக்கரம் இரண்டு சுற்றிலேயே வழுக்க ஆரம்பித்துவிட்டது, திருகினால் குமிழ் சுற்றுகிறது, குழல் நகரவில்லை. ஆனாலும் என்னவோ தெரிந்தது. சிவப்பாக, வட்டமாக, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டோடு. "பந்து மாதிரியே இருக்கு அத்தை, நடுவுல ஓட்டை!" என்றாள். அன்றிரவே தமிழ் நோட்டில் சிவப்பு மெழுகுக் கோலால் அதை வரைந்து, கீழே 'என் கேட்டை' என்று எழுதினாள். பிழையில்லாமல் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டு போய் எல்லாருக்கும் காட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை, பேரனை வகுப்புக்குக் கூட்டி வரும் ஒரு பெரியவரிடம் அந்த நோட்டைக் காட்டினாள். அவர் தெற்கு ஆப்பிரிக்க வானியல் கழகத்தின் டர்பன் கிளையில் இருக்கிறவர், வருடக்கணக்காக வானம் பார்க்கிறவர். படத்தைப் பார்த்து நன்றாக வரைந்திருக்கிறாய் என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குவியம் சேராத நட்சத்திரம் அப்படித்தான் ஊதிப்போய்த் தெரியும் என்றார். நடுவில் இருக்கும் ஓட்டை குழாய்க்குள் இருக்கிற சின்னக் கண்ணாடியின் நிழல். குவியம் சரியாக இருந்தால் கேட்டை ஒரு கூர்மையான புள்ளியாகத் தெரியும். நாம் காசு கொடுத்து வாங்குகிற எந்தத் தொலைநோக்கியிலும் நட்சத்திரம் புள்ளிதான், பந்தாகத் தெரியாது.

பிள்ளையிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. "அப்போ நான் வரைஞ்சது கேட்டை இல்லையா?" என்று கேட்டாள். நட்சத்திரம் கேட்டைதான், கருவிதான் தப்பு என்றேன். நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டாள். 2,350 ராண்டை விட அந்த மூடின நோட்டுதான் என்னைக் கடைக்குத் துரத்தியது.

முதல் தடவை போனபோது அந்தப் பையன் இல்லை. ஷிஃப்ட் இல்லை, மேனேஜரும் இல்லை, வாட்ஸ்அப் எண் தருகிறோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து சக்கரம் வழுக்குவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் மறுபடி எழுதினேன், "பார்க்கிறோம்" என்று ஒரு வார்த்தை. ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது தடவை மேனேஜர் வந்தார். பெட்டியைத் திறந்தாயிற்று, திறந்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை என்று கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். திறக்காமல் எப்படி ஐயா பார்ப்பது என்று கேட்டேன். அன்றைக்கு மேகமாக இருந்திருக்கும், நீங்கள் சரியாகத் திருகியிருக்க மாட்டீர்கள் என்றார். அங்கேயே திருகிக் காட்டினேன், குமிழ் வெறுமனே சுற்றியது. அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் நாற்பது நிமிடம் நின்றேன்.

இன்றைக்கு மூன்றாவது தடவை. அந்தப் பையன் இருந்தான். என்னைப் பார்த்ததும் வேறு வாடிக்கையாளரிடம் நகர்ந்துவிட்டான். வணக்கம் இல்லை. மேனேஜர் 600 ராண்டுக்கு ஒரு வவுச்சர் நீட்டினார், கடையில் வேறு எதையாவது எடுத்துக்கொள்ளலாமாம். நான் கொடுத்தது 2,350 என்றேன். அதற்கு மேல் முடியாது என்றார். வாங்காமல் வந்துவிட்டேன்.

வண்டியில் வரும்போது அண்ணி படித்துக் காட்டினாள்: 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு. பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுப் பொருளா, பணமா என்பதை வாங்கினவர்தான் சொல்ல வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டின தாளுக்கு அந்தச் சட்டத்தை மீறுகிற பலம் இல்லை. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் நாற்பது நிமிடம் சும்மா நின்றிருக்க மாட்டேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபத்தில் எனக்கு இவ்வளவுதான் வருகிறது.

பெட்டியில் மடங்குக் கணக்கைப் பெரிதாகப் போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெரியவர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். குவிய நீளம் 700 மில்லிமீட்டர், அதைக் கண்வில்லையின் 4ஆல் வகுத்தால் 175, கூடவே கொடுத்த, இன்னும் 3 மடங்கு பெரிதாக்குகிற பார்லோ வில்லைக்காக 3ஆல் பெருக்கினால் 525. கணக்கு சரி, பார்வைக்கு உதவாது. கண்ணாடியின் விட்டம் 76 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்கு 2 மடங்கு என்பதுதான் மேல் வரம்பு, அதாவது நல்ல இரவில் 152. விட்டம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். தாங்கியைக் கடையிலேயே பூட்டச் சொல்லி, குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று நொடிக்குள் ஆட்டம் நிற்க வேண்டும். முக்காலி இல்லாமல் சுழலும் அடிப்பலகையில் நிற்கிற, மேஜைமேல் வைக்கிற டாப்சோனியன் வகைக்கு அந்தக் குச்சிக்கால் தொல்லை இல்லை என்கிறார் பெரியவர். காசு போதாவிட்டால் 10x50 (10 மடங்கு, 50 மில்லிமீட்டர் வில்லை) இருகண் நோக்கி போதும். அவருடையதைத்தான் இப்போது பிள்ளைக்கு இரவல் கொடுத்திருக்கிறார். நேற்று கேட்டையைப் பார்த்தாள், சிவப்புப் புள்ளியாக. தேள் வாலில் இருக்கும் நட்சத்திரங்களை முழுசாக எண்ணினாள். முடிந்தால் வாங்குவதற்கு முன்னால் வானியல் கழகத்துக்காரர்கள் கருவிகளை வெளியே வைக்கிற ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள். நான் போகவில்லை.

இன்னொன்று, இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பெட்டிக்குள் கண்வில்லையில் திருகுகிற மாதிரி ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி இருந்தது, மேலே சூரியன் படம். சூரியனின் சூடு முழுக்க அந்த இடத்தில்தான் குவியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடித்துவிடலாம், கண் போய்விடும் என்று பெரியவர் சொன்னார். பகலில் அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று பிள்ளை ஏற்கெனவே ஒரு நாள் கேட்டிருந்தாள். அன்றைக்கு மழை மூட்டமாக இருந்ததால் வேண்டாம் என்றேன். அது ஒன்றுதான் காரணம். உங்கள் வீட்டில் இந்த மாதிரிக் கருவி இருந்தால் இப்போதே எழுந்து போய் அதைத் தனியாக எடுங்கள். நான் அதைத் தூக்கி எறியாமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லாம் பெட்டிக்குள் இருக்க வேண்டுமே என்று. திங்கட்கிழமை, வாங்கினவர்களின் புகாரை விசாரிக்கிற நுகர்வோர் ஆம்பட்ஸ்மனுக்கு ஸ்லிப்பின் படம், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்துப் புகார் போகிறது. 600 இல்லை, 2,350 ராண்ட்.