ஒரு கிரெடிட்டுக்கு முப்பது மணி நேரம்: ஈ.சி.டி.எஸ். முறையில் இரண்டு வருடம் படித்த அனுபவம்

என் மேசை டிராயரில் ஒரு நீல நோட்டு இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை ஒரே ஒரு பாடத்துக்கு நான் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்று நாள்வாரியாக அதில் எழுதியிருக்கிறேன். நிலத்தடி நீர் மாதிரியாக்கம் என்பது பாடம். ஈ.சி.டி.எஸ். என்ற ஐரோப்பியப் படிப்புக் கணக்கு முறையில் அதற்கு 6 கிரெடிட். வகுப்பு 60 மணி, சொந்தப் படிப்பு 120 மணி, மொத்தம் 180 என்று பாடவிவரக் கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். என் நோட்டைக் கூட்டினால் 236 வருகிறது.

அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். எந்த மெஷின் எத்தனை நிமிடம் நின்றது என்று குறித்து வைத்துவிட்டுத்தான் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்புவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த நோட்டு எனக்கு எவ்வளவு உதவியது என்று பின்னால் சொல்கிறேன்.

ஜெர்மனியில் நீர்வளப் பொறியியல் முதுகலை, நடுவில் ஒரு செமஸ்டர் ஃபின்லாந்து. மொத்தம் 120 கிரெடிட். ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகிற தம்பி தங்கைகள் வாடகை, பகுதிநேர வேலை, விசா என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். கிரெடிட் முறையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே உங்கள் வாழ்க்கையை நடத்துவதே அதுதான். இரண்டு வருடம் அதைப் பயன்படுத்தியவள் என்ற முறையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன்.

முதலில் நல்லது. ஈ.சி.டி.எஸ். என்பது 1989இல் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்காகச் சோதனையாகத் தொடங்கிய முறை. ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாட்டில் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அன்றைக்குத் தேவை. 1999இல் 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் இத்தாலியின் பொலோனியாவில், உயர்கல்வி முறைகளை ஒத்துப்போகச் செய்யும் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பிறகு முழுப் பட்டப்படிப்பையும் அளக்கும் கோலாகவே அது மாறிவிட்டது. ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. மூன்று வருட இளங்கலை என்றால் 180, இரண்டு வருட முதுகலை என்றால் 120.

நம் ஊரிலும் கிரெடிட் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் நம் ஊர்க் கிரெடிட் ஆசிரியரின் மணியை எண்ணுகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். ஈ.சி.டி.எஸ். மாணவரின் மணியை எண்ணுகிறது. வகுப்பில் உட்காருவது, நூலகத்தில் படிப்பது, அறிக்கை எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்ந்துதான் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி. விடுதி அறையில் இரவு பதினொரு மணிக்கு நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரமும் படிப்புதான் என்று ஒரு பல்கலைக்கழகம் எழுத்தில் ஒப்புக்கொண்டதை அங்கேதான் முதலில் பார்த்தேன். நான்கு வருடம் பி.இ. படித்தபோது யாரும் அதை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. ஒரு நட்சத்திரம் இதற்காக மட்டுமே கொடுக்கலாம்.

அந்த 25 முதல் 30 என்ற இடைவெளியைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரியாவில் ஒரு கிரெடிட் 25 மணி, நெதர்லாந்தில் 28, ஃபின்லாந்தில் ஏறக்குறைய 27, ஜெர்மனியில் பெரும்பாலும் 30. அதாவது அதே 5 கிரெடிட் பாடம் வியன்னாவில் 125 மணி, நான் படித்த ஊரில் 150 மணி. பிரிட்டன் தனிக் கணக்கு: அவர்களுடைய இரண்டு கிரெடிட் இங்கே ஒன்று. ஒரு வருட எம்.எஸ்சி.க்கு அங்கே 180 கிரெடிட் போடுவார்கள், ஐரோப்பியக் கணக்கில் அது 90. பிஎச்.டி.க்கு இளங்கலையும் முதுகலையும் சேர்த்து 300 கேட்கும் இடங்களில் இந்த 90 இடறும். ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்று பிரிட்டனுக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, நோட்டுக்கு வருகிறேன். 2022 கோடையில் எங்கள் படிப்புக்கு அங்கீகாரப் புதுப்பிப்பு வந்தது. ஜெர்மனியில் எட்டு வருடத்துக்கு ஒரு முறை செய்கிறார்கள். மாணவர்கள் சிலர் மதிப்பீட்டுக் குழுவோடு பேசலாம் என்று மின்னஞ்சல் வந்ததும் பெயர் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. நான் பி.இ. படித்த கல்லூரிக்கு நாக் என்ற தேசியத் தரமதிப்பீட்டு அமைப்பின் குழு வந்தபோது வெள்ளையடித்து, பூந்தொட்டி வைத்து, யார் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார்கள். அதே நினைப்போடுதான் போனேன்.

ஒரு சாதாரணக் கருத்தரங்க அறை. எதிரில் நான்கு பேர்: வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து இரண்டு பேராசிரியர்கள், தொழில்துறையிலிருந்து ஒரு பொறியாளர், அப்புறம் ஒரு மாணவி. என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அவளும் குழுவில் முழு உறுப்பினர். தரமதிப்பீட்டுக் குழுவில் மாணவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான விதி. 2005இல் கல்வி அமைச்சர்களின் பெர்கன் மாநாட்டில் ஏற்றுக்கொண்டு, 2015இல் யெரெவானில் திருத்திய தரநெறிகளில் அது எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் துறை ஆட்கள் யாரும் அறைக்குள் இல்லை.

முதல் கேள்வியே அந்த மாணவி கேட்டாள்: “கையேட்டில் போட்டிருக்கும் மணிக்கணக்கு உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா?” நான் நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். 56 மணி ஏன் அதிகமானது என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். காரணம் தெளிவாகவே தெரிந்தது. பாடத்துக்கு பைத்தான் என்ற நிரலாக்க மொழி தெரிந்திருக்க வேண்டும், ஆனால் முன்தேவை என்ற இடத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. நவம்பர் முழுவதும் நான் நிலத்தடி நீரைப் படிக்கவில்லை, பைத்தானைத்தான் படித்தேன். நோட்டில் அந்த நான்கு வாரமும் பச்சை மையில் இருக்கிறது. என்னோடு வந்திருந்த கொலம்பியா நாட்டுப் பையனும், ஜெர்மன் பெண் ஒருத்தியும் அதையே சொன்னார்கள்.

அறிக்கை சில மாதங்கள் கழித்து வெளியானது. இப்படிப்பட்ட அறிக்கைகளை முழுமையாகப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதும் விதி. படிப்புச் சுமையைப் பாடவாரியாக மறுபடி சரிபார்க்க வேண்டும், முன்தேவைகளைத் தெளிவாக எழுத வேண்டும் என்று ஒரு பரிந்துரை அதில் இருந்தது. என் பெயர் இல்லை, நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அடுத்த வருடக் கையேட்டில் அந்தப் பாடத்துக்குக் கீழே நிரலாக்க அடிப்படை தேவை என்ற வரி வந்திருந்தது. செமஸ்டர் தொடங்கும் முன் இரண்டு வாரப் பைத்தான் பயிற்சி ஒன்றும் சேர்ந்திருந்தது. தரக்கட்டுப்பாடு என்றால் ஃபைல் அடுக்குவது என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஒரு வரி பெரிய விஷயம்.

இனி குறைத்த அந்த ஒரு நட்சத்திரம்.

ஃபின்லாந்துக்கு 2022 ஆகஸ்டில் போனேன். பரிமாற்றம் போகும் முன் கற்றல் ஒப்பந்தம் ஒன்று போடுவார்கள். ஒரு அட்டவணையில் அங்கே படிக்கப் போகிற பாடங்கள், இன்னொன்றில் இங்கே அதற்கு ஈடாகக் கழியும் பாடங்கள். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என்று மூன்று கையெழுத்து. அங்கே பாடங்கள் 5 கிரெடிட், இங்கே 6. அதனால் ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தாமல், அங்கே ஆறு பாடம், இங்கே ஐந்து பாடம், 30க்கு 30 என்று மொத்தமாகப் போட்டோம். இதை மறக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் பொருத்தினால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிரெடிட் குறையும்.

போய் இறங்கிய இரண்டாம் வாரம் ஆறில் ஒரு பாடம் ரத்தாகிவிட்டது. அதற்குப் பதில் பனி நீரியல் எடுத்தேன். பனி எப்போது, எவ்வளவு வேகமாக உருகி ஆற்றில் சேரும் என்று கணிப்பது. ராமநாதபுரத்துக்காரிக்குப் பனி நீரியல் எதற்கு என்று அம்மா கேட்டாள். ஆனால் அந்த செமஸ்டரில் நான் மிகவும் ரசித்துப் படித்தது அதைத்தான். மாற்றத்தை ஜெர்மனிக்கு எழுதினேன், பரவாயில்லை என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன். திருத்திய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கவில்லை. அது என் தவறு.

ஜனவரியில் திரும்பியதும் தேர்வு அலுவலகம் 25 கிரெடிட்டை ஏற்றது, பனி நீரியலை ஏற்கவில்லை. எங்கள் பாடத்திட்டத்தோடு உள்ளடக்கம் பொருந்தவில்லை என்று இரண்டு வரிக் கடிதம். மின்னஞ்சல் அனுப்பியவர் வேறு துறைக்கு மாறிப் போயிருந்தார். 5 கிரெடிட் என்றால் 150 மணி. இன்னொரு செமஸ்டரில் இன்னொரு பாடம், விசா நீட்டிப்பு, வாடகை. அன்று இரவு தூங்கவில்லை.

மாணவர் பேரவையில் இருந்த ஒரு அக்காதான் வழி சொன்னார். 1997இல் லிஸ்பனில் செய்த அங்கீகார உடன்படிக்கையை ஜெர்மனியும் ஃபின்லாந்தும் ஏற்றிருக்கின்றன. அதன்படி, இரண்டு படிப்புக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அந்த வேறுபாடு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது பல்கலைக்கழகம். இல்லை என்று நிரூபிப்பது மாணவரின் வேலை இல்லை. இது தெரிந்தபோது எனக்குத் தோள் லேசானது போல இருந்தது. ஃபின்லாந்துப் பாடவிவரம், செய்த பயிற்சிகளின் பட்டியல், அந்தப் பழைய மின்னஞ்சல் மூன்றையும் இணைத்து, கணிசமான வேறுபாடு எது என்று குறிப்பிடுமாறு கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஏழு வாரம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள்.

ஏழு வாரம்! எந்தப் பாடத்தையும் தாராளமாக எடுத்துச் செல்லலாம் என்பதற்காகவே பிறந்த முறை, கடைசியில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய மனதைப் பொறுத்து நிற்கிறது. உடன்படிக்கையைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் பேசாமல் இன்னொரு பாடம் படித்துவிட்டுப் போகிறார்கள். என் வகுப்பிலேயே இருவர் அப்படிச் செய்தார்கள். இது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மதிப்பெண் விஷயத்திலும் இந்தக் குறை உண்டு. ஃபின்லாந்தில் 5 என்றால் உச்சம். ஜெர்மனியில் 1.0 உச்சம், 5.0 ஃபெயில். மாற்றுவதற்கு பவேரிய சூத்திரம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். ஃபின்லாந்தின் 4 இதில் 1.75 ஆகிறது, 3 என்பது 2.5. அந்தப் படிப்பில் அல்லது துறையில் தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை பேர் எந்த மதிப்பெண் வாங்கினார்கள் என்ற பங்கீட்டு அட்டவணையை ஒப்பிட்டு மாற்றச் சொல்கிறது ஈ.சி.டி.எஸ். வழிகாட்டி. அதுதான் நியாயமும் கூட. எனக்கு அப்படிச் செய்யவில்லை, சூத்திரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இதே சூத்திரம் நம் ஊர் சி.ஜி.பி.ஏ.வுக்கும் வரும். 8.4 வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்றால் 1.96. அதே 8.4, தேர்ச்சி 4 என்று எடுத்துக்கொண்டால் 1.8. சில படிப்புகளில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த வித்தியாசத்தில் முடிந்துவிடும். உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி எல்லை எது என்று அவர்களிடமே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேரும் முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. டீக்வார் (DEQAR) என்ற ஐரோப்பியத் தரமதிப்பீட்டு அறிக்கைகளின் தரவுத்தளம், 2018 முதல் இயங்குகிறது, காசு கிடையாது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டால் எந்த அமைப்பு எப்போது மதிப்பிட்டது, அது எதுவரை செல்லும் என்று வரும், பெரும்பாலும் அறிக்கையும் கிடைக்கும். ஜெர்மனியில் ஒவ்வொரு படிப்புக்கும் தனி அறிக்கை இருக்கலாம், அல்லது பல்கலைக்கழகத்தின் மொத்தத் தரமுறைக்கும் சேர்த்து ஒன்று இருக்கலாம். ஃபின்லாந்தில் நிறுவனத்தைத்தான் தணிக்கை செய்கிறார்கள். டீக்வாரில் இல்லாததாலேயே ஒரு இடம் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எல்லா அறிக்கையும் ஏறுவதில்லை. அறிக்கை கிடைத்தால் மாணவர் சுமை, தேர்வு முறை பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஜெர்மன் மொழியில் இருந்தாலும் மொழிபெயர்ப்புச் செயலி போதும். ஏஜென்ட் கொடுக்கும் பளபளப்பான கையேட்டைவிட அந்த நான்கு பக்கம் அதிகம் சொல்லும்.

படிப்பு முடிந்ததும் பட்டத்தோடு டிப்ளமோ சப்ளிமென்ட் என்று, பட்டத்தை விளக்கும் ஒரு இணைப்பு ஆவணம் கொடுப்பார்கள். எட்டுப் பகுதிகள், கடைசியில் அந்த நாட்டுக் கல்விமுறையின் விளக்கம். கட்டணம் கிடையாது. சென்ற வருடம் ஆஸ்திரியாவில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது அதைத்தான் முதலில் கேட்டார்கள், அடுத்து நான் சேர்ந்த ஆண்டின் பாடவிவரக் கையேட்டை. பல்கலைக்கழக இணையதளத்தில் அப்போது புதிய கையேடு மட்டுமே இருந்தது. நல்லவேளையாக முதல் வாரத்திலேயே பழையதை இறக்கி வைத்திருந்தேன். நீங்களும் சேர்ந்த அன்றே இறக்கிவிடுங்கள். பரிமாற்றம் போனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டையும் சேர்த்து. பாடம் மாறினால் மின்னஞ்சலோடு நிற்காமல் அன்றைக்கே மூன்று கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.