கொரோனாவா, ரொபுஸ்டோவா? பினாங்கு வாசலில் ஒரு சுருட்டு அலசல்

சுருட்டு வாங்கப் போகிறவர்களில் பலர் முதலில் கேட்பது நீளத்தைத்தான். என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது தடிமன். எவ்வளவு நேரம் உட்காரப் போகிறோம் என்பதை நீளம் ஓரளவு சொல்லும். வாயில் என்ன ருசி வந்து சேரும் என்பது பெரும்பாலும் தடிமன் கையில் இருக்கிறது.

தடிமனை ரிங் கேஜ் கணக்கில் சொல்வார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். இதை அளக்க நம் சட்டைப்பையே போதும். இப்போது மலேசியாவில் புழங்கும் 20 காசு நாணயத்தின் குறுக்களவு 20.6 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 52 கேஜ். கொரோனா என்ற ஒல்லிச் சுருட்டு வகையின் 42 கேஜ் ஐந்து காசு நாணயத்தைவிடச் சற்று ஒல்லி. 60 கேஜ் என்றால் ஐம்பது காசையும் தாண்டிவிடும்.

என் கட்சி 42. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி என் வீட்டுக்கு வரும் அண்ணன் ஒருவர் 50க்குக் கீழே தொடமாட்டார். "என்ன தம்பி, பென்சில் மாதிரி வச்சிருக்கே?" என்பார். நான் கொரோனாவில் சின்னதான 'பெட்டி கொரோனா'வைப் பற்றவைப்பேன், அவர் தடித்த வகையான ரொபுஸ்டோவை எடுப்பார். ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு வரக்கோப்பி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். என் கையில் கியூபாவின் மொண்டே கிறிஸ்டோ நம்பர் 4, பெட்டி கொரோனா வகை: நீளம் 129 மில்லிமீட்டர், 42 கேஜ். அண்ணன் கையில் அதே நாட்டின் பர்த்தகாஸ் சீரீ டி நம்பர் 4, ரொபுஸ்டோ வகை: 124 மில்லிமீட்டர், 50 கேஜ். நீளம் என்னவோ என்னுடையதுதான் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். ஆனால் முதலில் முடிவதும் என்னுடையதுதான். நான் அரைமணிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்வேன். அண்ணனுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

காரணம் எளிய கணக்கு. 42லிருந்து 50க்குப் போனால் சுற்றளவு ஐந்தில் ஒரு பங்குகூட ஏறுவதில்லை. உள்ளே அடைத்திருக்கும் இலையோ சுமார் 40 சதவீதம் கூடுகிறது. வெளியே சுற்றியிருக்கும் மேலிலைதான் சுருட்டிலேயே விலை உயர்ந்த இலை. பார்த்துப் பார்த்துப் பதப்படுத்துவார்கள், வாசனையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒல்லிச் சுருட்டில் அந்த மேலிலையின் பேச்சு நன்றாகக் கேட்கும். தடிமன் ஏற ஏற உள்ளிலை அதை அமுக்கிவிடும். கொரோனாவில் எனக்குக் கிடைக்கும் அந்தக் கூர்மை, முதல் இழுப்பிலேயே மூக்குக்கு ஏறும் மரவாசனை, அதே நிறுவனத்தின் தடித்த சுருட்டில் மங்கித்தான் கிடைக்கிறது.

அண்ணன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உள்ளே இடம் அதிகம் என்பதால் சுருட்டுபவர் பலவகை இலைகளைக் கலந்து அடுக்க முடியும். இழுப்பு தாராளமாக இருக்கும், புகை குளிர்ச்சியாக வரும். பேச்சு வாக்கில் இரண்டு இழுப்பு அவசரமாக இழுத்தாலும் ரொபுஸ்டோ பொறுத்துக்கொள்ளும். கொரோனா பொறுக்காது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்று நிதானமாகப் போகவேண்டும், மிஞ்சினால் சூடேறிக் கசந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவரிடம் கொரோனாவைக் கொடுக்க நானே யோசிப்பேன்.

அப்படியிருந்தும் நான் 42ஐ விடாததற்கு இந்த ஊரும் ஒரு காரணம். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழையும் சேர்ந்துகொள்ளும். சுருட்டுக்கு உகந்தது 65லிருந்து 70 வரை. குளிர்நாடுகளில் பெட்டிக்குள் ஈரம் சேர்க்கப் பாடுபடுகிறார்கள், நமக்கு ஈரத்தை இறக்குவதுதான் வேலை. நான் காற்றுப்புகாத டப்பாவில் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலம் போட்டு, ஏர்கோன் அறையில் வைக்கிறேன். சூடு 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டைகள் பொரிக்க வாய்ப்பு உண்டு. மேலிலையில் ஊசி குத்தியது போல ஓட்டை தெரிந்தால் அதுதான் அடையாளம். தடித்த சுருட்டின் நடுவில் ஈரம் சமப்பட அதிக நாள் பிடிக்கும். அவசரப்பட்டுப் பற்றவைத்தால் ஓரம் எரியும், நடு எரியாது, மறுபடி மறுபடி தீ வைக்கவேண்டும். ஒல்லிச் சுருட்டு சீக்கிரம் பதத்துக்கு வந்துவிடும். சீக்கிரம் காய்ந்தும் போகும் என்பது உண்மைதான், ஆனால் இந்த ஊரில் அந்தக் கவலை குறைவு.

அப்புறம் நேரம். 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்துவிட்டது. நல்ல சட்டம்தான், குழந்தைகள் சாப்பிடும் இடத்தில் புகை எதற்கு? எனக்கு மிச்சம் இருப்பது வீட்டு வாசல், பிள்ளைகள் தூங்கிய பிறகு. கொசுவுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது. 178 மில்லிமீட்டர் நீளமும் 47 கேஜும் கொண்ட சர்ச்சில் வகைச் சுருட்டு அதனாலேயே எனக்குச் சரிப்படாது. சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் கெடுதி இல்லை என்று சொல்ல முடியாது, ஆகவே குறைந்த இலையில் முழு ருசி கிடைத்தால் அதுவே எனக்கு உத்தமம்.

மற்ற வடிவங்கள்? லான்செரோவை நான் மிகவும் மதிக்கிறேன். 192 மில்லிமீட்டர் நீளம், 38 கேஜ், அழகிலும் வாசனையிலும் ராணி. பிடெல் காஸ்ட்ரோவோடு சேர்த்துப் பேசப்படும் கொஹிபா என்ற கியூபாச் சுருட்டு அந்த வடிவில் புகழ்பெற்றது. சுருட்டுபவர் கை கொஞ்சம் இறுகினாலும் இழுப்பு அடைத்துக்கொள்ளும் என்பதுதான் தொல்லை. கூம்புத் தலை பிரமிடில் ஒரு வசதி உண்டு: எவ்வளவு நறுக்குகிறோமோ அவ்வளவு இழுப்பு. முதலில் துளியூண்டு நறுக்கிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். 60 கேஜைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 42ஐப்போல இரண்டு மடங்கு உள்ளிலை, வாய் வலி, மங்கிய ருசி.

திருச்சி சுருட்டை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடமாட்டேன். இரண்டு முனையும் திறந்தே இருக்கும், நறுக்கக் கத்தி வேண்டாம். தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் வைத்திருந்ததும், முனியாண்டி கோயில் படையலில் இன்றும் வைப்பதும் இந்த நேர்ச்சுருட்டு வகைதான். காரம் தூக்கலாக இருக்கும், கியூபாச் சுருட்டின் நயம் இதில் வராது. ஆனால் ஒல்லியாகச் சுருட்டினால் இலை பேசும் என்பதை நம் ஆட்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள்.

தீபாவளி இரவு, விருந்தினர் எல்லாரும் போன பிறகு, மறுநாள் வேலையும் இல்லை என்றால் அண்ணன் நீட்டும் ரொபுஸ்டோவை மறுக்காமல் வாங்கிக்கொள்வேன். வாங்கும்போது கேட்பது ஒன்றுதான்: "டப்பாவில எத்தனை வாரம் இருந்துச்சுண்ணே?"