நிலம் தேடுமுன் படிக்க வேண்டியது: கூட்டுவாழ்வு தொடங்குவோருக்கான பயிற்சி குறித்த மதிப்புரை

ஒத்த நோக்கமுடையவர்கள் சேர்ந்து நிலம் வாங்கி, வீடுகளும் பொதுச் சமையற்கூடமும் கட்டி, உழைப்பையும் செலவையும் முடிவெடுக்கும் பொறுப்பையும் பகிர்ந்துகொண்டு வாழும் கூட்டுவாழ்வுச் சமூகங்களைத் தொடங்க விரும்புவோருக்கென்றே நடத்தப்படும் இணையவழிப் பயிற்சி ஒன்றில் எங்கள் குழுவினர் அனைவரும் சேர்ந்து படித்தோம். தனியாளாகச் சேர முடியாது, குழுவாகத்தான் சேர வேண்டும் என்பது அதன் முதல் விதி. அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. ஒருவர் மட்டும் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினால், அவர் தம்மை அறியாமலே தலைவராகிவிடுகிறார். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் நிலம் வாங்காத குழுவுக்கு இந்தப் பயிற்சி செலுத்தும் கட்டணத்துக்கு மேலான பயனைத் தரும். குடியேறிப் பல ஆண்டுகள் ஆன சமூகத்துக்கு அந்த அளவு பயன் இராது. தொடங்குவதைப் பற்றி இவர்கள் ஆழமாகச் சொல்லித் தருகிறார்கள், நீடிப்பதைப் பற்றி அவசரமாகச் சொல்லி முடிக்கிறார்கள்.

பாடங்கள் வெற்றிக் கதைகளிலிருந்து தொடங்காமல், கலைந்துபோன சமூகங்களிலிருந்து தொடங்குவது நல்ல ஏற்பாடு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள நியூ ஹார்மனியை 1825-இல் பிரிட்டனின் ஆலை உரிமையாளரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் விலைக்கு வாங்கியபோது வீடுகள், பட்டறைகள், வயல்கள் எல்லாம் ஆயத்தமாக இருந்தன; அவரிடம் பணமும் இருந்தது. விருப்பமுள்ள எவரும் வரலாம் என்று அழைத்ததால் ஆட்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் எவருக்கு என்ன வேலை, சொத்து எவருடையது, விதியை எவர் மாற்றலாம் என்பதில் உடன்பாடு ஏற்படாமல் 1827-இல் அந்த முயற்சி முறிந்துபோனது. அவருக்கு முன் அதே இடத்தில், அதே கட்டடங்களில், ஒரு சமயக் குழு ஏறத்தாழ பத்தாண்டுகள் கூட்டாக உழைத்துச் செழித்திருந்தது என்பதைப் பயிற்றுநர் அழுத்திச் சொன்னார். நல்ல நிலம் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக அமையும் என்று நம்பும் குழுக்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அடுத்து, மாசசூசெட்ஸில் 1841-இல் தொடங்கிய புரூக் ஃபார்ம் பெரும் பணம் போட்டுக் கட்டிவந்த பெரிய கட்டடம் 1846-இல் தீக்கிரையானதையும், அதற்குக் காப்பீடு இல்லாததால் மறு ஆண்டே அந்தச் சமூகம் கலைந்ததையும் விளக்கினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சமூகங்கள் முப்பதை ஒப்பிட்டு, சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1972-இல் வெளியிட்ட ஆய்வுக்கு ஓர் அமர்வு முழுவதும் ஒதுக்கப்பட்டது. உறுப்பினரிடம் உடைமை, நேரம், பழைய பழக்கங்கள் ஆகியவற்றில் எதையேனும் துறக்கச் சொன்ன சமூகங்களே நீண்ட காலம் நிலைத்தன என்பது அதன் சாரம். ஆனால் இதன் தொடர்ச்சியாகப் பின்னாளில் மானுடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ் செய்த ஆய்வைப் பயிற்சி தொடவே இல்லை. கடுமையான கட்டுப்பாடுகள் சமய அடிப்படையிலான சமூகங்களின் ஆயுளைக் கூட்டின, சமயச் சார்பற்றவற்றில் அந்த விளைவு தென்படவில்லை என்று அவர் கண்டறிந்தார். எங்களைப் போல, வழிபாட்டால் பிணைக்கப்படாமல் கொள்கையால் மட்டும் கூடும் குழுக்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. துறவை விதியாக எழுதி வைத்தால் பிணைப்பு வந்துவிடும் என்ற எண்ணத்தோடு அந்த அமர்விலிருந்து எழுந்த குழுக்கள் இருந்திருக்கக்கூடும்.

பயிற்சியின் உச்சம் விலகல் பற்றிய அமர்வுதான். இதற்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன். ஒரு சூழ்நிலையைக் கொடுத்தார்கள்: தொடக்கத்திலேயே சேர்ந்த ஒரு தம்பதி தங்கள் சேமிப்பு முழுவதையும் பொது நிலத்தில் எழுந்த வீட்டில் போட்டிருக்கிறார்கள், பல ஆண்டுகளுக்குப் பின், முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வெளியேற வேண்டியிருக்கிறது, அவர்களுக்கு எவ்வளவு தொகை, எப்போது, எந்த நிதியிலிருந்து கொடுப்பீர்கள்? ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதி, ஒரே நேரத்தில் திரையில் காட்டச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவர், போட்ட பணத்தோடு நிலத்தின் மதிப்பு உயர்ந்த அளவுக்கும் பங்கு தர வேண்டும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் போட்ட தொகை மட்டும் என்றார். மூன்றாமவர், இத்தனை ஆண்டுகள் வாடகையின்றி வாழ்ந்ததே ஈடு, எதுவும் தர வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். மூவரும் ஒரே கொள்கை அறிக்கையில் கையெழுத்திட்டவர்கள். அதன் வாசகங்களை எழுதியவர்களும் அவர்களே.

பயிற்றுநர் எது சரி என்று சொல்லவில்லை. அதே ஆண்டில் இன்னும் இரண்டு குடும்பங்கள் விலகினால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். மதிப்பு உயர்ந்த அளவுக்கும் பங்கு தர வேண்டும் என்று எழுதியவரே தம் தாளைத் திருத்தத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் வழிமுறைகள் வந்தன: பங்கின் மதிப்பைக் கணக்கிடும் முறையைச் சண்டை வருமுன்பே எழுதி வைப்பது, தொகையைத் தவணைகளாகக் கொடுப்பது, ஓர் ஆண்டில் வெளியேறுவோருக்குத் தரும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு வைப்பது, காலியாகும் இடத்தை வாங்கும் முதல் உரிமையைச் சமூகத்துக்கே வைத்துக்கொள்வது. வெளியேற வழியில்லாத இடத்தில் மனக்கசப்போடு தங்கிவிடுபவர்கள் ஒவ்வொரு கூட்டத்தையும் கசப்பாக்குகிறார்கள். வெளியேறுவது மிக எளிதாக இருந்தால் கருவூலம் காலியாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குழு எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பதை, ஒருவர்மீது ஒருவர் அன்பும் நம்பிக்கையும் நிறைந்திருக்கும் தொடக்க நாள்களிலேயே முடிவு செய்ய வேண்டும் என்பதை இந்த அமர்வு எங்களுக்கு உறுதியாக உணர்த்தியது.

உள்ளே வருவதைப் பற்றிய பாடம் சுருக்கமானது, ஆனால் தெளிவானது. வர்ஜீனியாவில் 1967 முதல் இயங்கிவரும் ட்வின் ஓக்ஸ் சமூகத்தில் சேர விரும்புகிறவர் மூன்று வாரம் அங்கே தங்கி எல்லாருடனும் வேலை செய்கிறார். அதன் பிறகே அவரைச் சேர்ப்பது பற்றி உறுப்பினர்கள் கருத்துச் சொல்கிறார்கள். சேர வருபவரின் கொள்கைப் பேச்சைக் காட்டிலும், பிறர் பயன்படுத்திய பாத்திரத்தை அவர் எப்படிக் கழுவி வைக்கிறார் என்பது அதிகம் சொல்லும். அதே சமூகத்தின் வேலைக் கணக்கு முறையைப் பற்றிய பகுதியும் எனக்குப் பிடித்திருந்தது. பணம் ஈட்டித் தரும் தொழிலில் செலவிடும் ஒரு மணி நேரமும், சமைப்பதிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதிலும் செலவிடும் ஒரு மணி நேரமும் அங்கே ஒரே மதிப்புடையவை. கண்ணுக்குத் தெரியாத வேலைகளை நாங்கள் பட்டியலிட்டபோது, கூட்டக் குறிப்பு எழுதுவது, பழுது பார்க்கிறவரை அழைத்துக் காத்திருப்பது, மனம் உடைந்தவரோடு உட்கார்ந்து பேசுவது எனப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே ஓரிருவரே சுமந்துகொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது.

முடிவெடுக்கும் முறைகளைப் பற்றிக் குறையொன்றும் சொல்வதற்கில்லை. எல்லாரும் விரும்பி ஏற்கும் ஒருமித்த முடிவுக்கும், நெதர்லாந்தின் பொறியாளர் ஹெரார்ட் என்டன்பர்க் தம் நிறுவனத்தில் வளர்த்தெடுத்த சோசியோக்கிரசி முறையில் ‘காரணத்தோடு கூடிய கடும் எதிர்ப்பு இல்லை’ என்பதையே போதுமானதாகக் கொள்ளும் சம்மதத்துக்கும் உள்ள வேறுபாட்டை, நாய் வளர்க்கலாமா என்ற பாவனைக் கூட்டம் ஒன்றை நடத்தவைத்தே புரியவைத்தார்கள்.

பெருங்குறை இனிமேல்தான். நிறுவியவர்கள் முதுமையடைந்த பின்னும், அங்கேயே பிறந்த பிள்ளைகள் வளர்ந்த பின்னும் என்ன ஆகிறது என்ற கேள்விக்குக் கடைசி அமர்வின் ஒரு பகுதிதான் கிடைத்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1848-இல் தொடங்கிய ஒனைடா சமூகம் வறுமையால் கலையவில்லை. அதன் தொழில்கள் நன்றாகவே நடந்தன. நிறுவனரான ஜான் ஹம்ஃப்ரி நோயஸ் தம் மகனிடம் தலைமையை ஒப்படைக்க முயன்றது, இளைய தலைமுறையின் அதிருப்தி, வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு ஆகியவை சேர்ந்து, 1881-இல் அது பங்கு நிறுவனமாக மாறியது. இன்றைய இஸ்ரேலில் உள்ள தெகானியாவில் 1910-இல் தொடங்கிய, கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளான கிப்புட்ஸுகளின் இயக்கம் 1980-களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு பெருமளவில் மாறி, பெரும்பாலான கிப்புட்ஸுகளில் இன்று உறுப்பினர்களின் வருமானம் ஒரே அளவாக இல்லை. வட அமெரிக்காவில் கூட்டாக வாழும் கிறித்தவப் பிரிவினரான ஹட்டரைட் மக்கள் மட்டும் தங்கள் குடியிருப்பு ஏறத்தாழ 150 பேரை நெருங்கும்போது அதை இரண்டாகப் பிரித்துப் புதிய நிலத்தில் குடியமர்த்துகிறார்கள். அதனால் இளையவர்களுக்குப் பொறுப்பும் பதவியும் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பேசியிருந்தால் தலைமை மாற்றத்தைப் பற்றி ஒரு முழுப் பாடமே அமைந்திருக்கும். சமூகத்தை நடத்துவதற்கென்று பயிற்சியில் தரும் மாதிரித் துணைவிதிகளிலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கிறது: பொறுப்பாளரின் பதவிக்காலத்துக்கு வரம்பு இல்லை, சமூகத்தில் பிறந்த பிள்ளை எந்த வயதில், எந்த நடைமுறையில் உறுப்பினராகிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் மின்னஞ்சலில் கேட்டபோது, அது அந்தந்தச் சமூகம் முடிவு செய்ய வேண்டியது என்று பதில் வந்தது. விலகலைப் பற்றி அவ்வளவு துல்லியமாக வழிகாட்டியவர்களிடமிருந்து இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

மற்றவை நிறைவானவை. அமர்வுகளின் பதிவுகள் நல்ல தரத்தில் இருக்கின்றன. பயிற்றுநர்கள் தாங்களே கூட்டாக வாழ்ந்தவர்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிகிறது. பொதுக் கணக்குக்கான படிவங்களை மாற்றமின்றிப் பயன்படுத்தலாம். சட்டப் பகுதி மிகப் பொதுவானது என்பதால், அறக்கட்டளையா கூட்டுறவுச் சங்கமா என்பதற்குத் தனியே வழக்குரைஞரை அணுகியே ஆக வேண்டும். இதில் சேர எண்ணும் குழுக்கள் ஒருவரைக்கூட விடாமல் எல்லாரும் விலகல் அமர்வில் உட்காருமாறு நாளைக் குறித்துக்கொள்ளட்டும். பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் ஒதுங்கினால் அந்தத் தாள்களுக்குப் பொருளே இல்லை. எங்கள் குழு நிலம் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறது. விலகுவோருக்கான தொகையில் உடன்பாடு எட்டிவிட்டது. பதவிக்கால வரம்பையும் பிள்ளைகளின் உறுப்புரிமையையும் பற்றிய பிரிவுகளை எந்த மாதிரியும் கையில் இல்லாமல் நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம்.