மறைப்பதும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றா?

ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வருகிறார். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா?

கி.மு. 44-இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ இந்த வழக்கில் ஸ்டோயிக் என்ற கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த இருவரை மோதவிட்டார். பாபிலோன் டயோஜெனிஸ் கட்சி: சட்டப்படி சொல்ல வேண்டிய குறையைச் சொல், பொய் சொல்லாதே, அப்புறம் கிடைக்கிற விலைக்கு விற்றுக்கொள், மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் விடவில்லை. விற்பவருக்குத் தெரிந்தது எல்லாமே வாங்குபவருக்கும் தெரிய வேண்டும் என்றார்.

வீடு விற்பதிலும் இதே சண்டைதான். வீடு நோய் பரப்புவதும் படுக்கையறைகளில் பாம்பு வருவதும் விற்பவருக்கு மட்டுமே தெரியும். "நோய் பரப்பும் வீடு விற்பனைக்கு" என்று எவனாவது கூவுவானா என்பது டயோஜெனிஸ் பக்கத்து வாதம். சரியான கேள்விதான்.

சிசரோ மாணவர் பக்கம் சாய்ந்தார். நானும்தான். பழைய ஸ்கூட்டரை விற்ற அன்று மட்டும் டயோஜெனிஸ் கட்சி.