மக்காச்சோளம் போட்டவங்க உஷார், போன்ல புழு மருந்து விக்கறவன்கிட்ட 7,850 ரூபா போச்சு

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் கொல்லை, இந்த பட்டத்துக்கு மக்காச்சோளம் போட்டோம். நேத்து ராத்திரி வரைக்கும் போன்ல கத்தி கத்தி தொண்டை கட்டிக்கிச்சு, அதான் டைப் பண்றேன். 7,850 ரூபா. ஆள் கூலி, டேங்க் வாடகை அதுல சேர்க்கல. முழுசா படிங்க, மக்காச்சோளத்த தின்னற படைப்புழுவுக்கு என்னென்ன பண்ணணும்னு கடைசியில சொல்றேன்.

பயிர் முழங்கால் உயரம் வந்தப்ப இலையில பச்சைய மட்டும் சுரண்டி தின்னுட்டு வெள்ளை வெள்ளையா விட்டிருந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு பார்த்தா ஓட்டை ஓட்டையா இருக்குது, குருத்த பிரிச்சா உள்ள ஈர மரத்தூள் மாதிரி எச்சம். அமெரிக்கன் படைப்புழுதான், 2018ல கர்நாடகாவுல முதல்ல தெரிஞ்சு அந்த வருஷமே நம்ம பக்கமும் வந்துச்சே அதே சனியன். நமக்கு தெரியாதது இல்ல, ஆனா எந்த மருந்துன்னு ஒரு குழப்பம் இருந்துச்சு. அப்பதான் போன்ல ஒரு விவசாய ஆப், இலைய போட்டோ எடுத்து போடுங்க இலவசமா டாக்டர் பேசுவார்னு விளம்பரம். பேர் போட மாட்டேன், கேஸு கீஸுன்னு வருவானுங்க. போட்டோ போட்ட கொஞ்ச நேரத்துல டாக்டர்னு ஒருத்தன் கால் பண்ணிட்டான்.

இந்த இடத்த நல்லா கவனிங்க. எடுத்த எடுப்புல மருந்து வாங்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. வீடியோ கால்ல வந்து, "அம்மா, ஒரு பெரிய புழுவா எடுத்து கையில வெச்சு தலைய பாருங்க, ஒய் எழுத்த தலைகீழா போட்ட மாதிரி வெள்ளைக் கோடு தெரியுதா? வால் பக்கம் நாலு கறுப்பு புள்ளி சதுரமா இருக்குதா?"ன்னு கேட்டான். எங்கம்மா உள்ளங்கையில வெச்சு திருப்பி திருப்பி பார்க்குது, நான் டார்ச் அடிக்கிறேன், அவன் சொன்ன கோடு இருக்குது, நாலு புள்ளியும் அப்படியே இருக்குது. பகல்ல குருத்துக்குள்ள ஒளிஞ்சிக்கும், சாயங்காலம் அடிங்க, ஸ்பிரேயர் நாசில குருத்துக்கு நேரா புடிங்கன்னு எல்லாம் சொன்னான். அத்தனையும் கரெக்ட். அதுக்கப்புறம்தான் மருந்த நாங்களே அனுப்பறோம்னான். அம்மா என்ன பார்த்து, "படிச்ச புள்ளப்பா, புட்டு புட்டு வெக்கிறான், துட்ட போட்டுடு"ன்னுச்சு. கேஷ் ஆன் டெலிவரி இல்லண்ணா, முன்னாடியே கட்டுனா ஆஃபர்னான், 7,850 அங்கயே ஜிபே போட்டாச்சு.

புழு புழுவா இருக்கறதே ரெண்டு மூணு வாரம்தான். அதுல பாதிய கொரியர்காரன் தின்னுட்டான். வந்தது மூணு பாட்டில், ஒரு பவுடர் பாக்கெட்டு, ஒரு ஓசி தொப்பி. ரெண்டு ஏக்கருக்கும் சாயங்காலமா பார்த்து அவன் சொன்ன அளவுலயே அடிச்சோம். மறுநாள் குருத்த பிரிச்சா ஒண்ணு கூட சாகல, இன்னும் கொழுத்துப்போய் கீது. சந்தேகம் வந்து பாட்டில எடுத்து பார்த்தா ஸ்டிக்கர் ஓரத்துல லேசா பிரிஞ்சிருந்துச்சு, நகத்தால கீறி உரிச்சா அடியில இன்னொரு ஸ்டிக்கர், தக்காளி படம், பூ புடிக்கறதுக்கு டானிக்காம்! தக்காளி டானிக்க மக்காச்சோளப் புழுவுக்கு ஊத்தி இருக்கோம்யா.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. மொதல்ல ஒரு பொண்ணு, டிக்கெட் ரெய்ஸ் பண்ணிட்டேன் சார் 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்கன்னுச்சு. யாரும் கூப்பிடல. நானே கூப்ட்டா இன்னொருத்தன், புழு பெருசாயிடுச்சு சார் சின்னதா இருக்கறப்பவே அடிச்சிருக்கணும்ங்கறான், ஏன்டா பார்சல லேட்டா அனுப்புனது நானா நீயா? வேற ஒருத்தன் உங்க ஊர் தண்ணி உப்பு சார் அதான் வேலை செய்யலன்னான். ஸ்டிக்கர் போட்டோ அனுப்புனேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. பிரிச்ச பாட்டில ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்னு மெசேஜ் மட்டும் வந்துச்சு. பிரிக்காம எப்படி அடிக்கறது? ஒருத்தன் ஆப்ல அஞ்சு ஸ்டார் குடுங்க சார் சீனியர்கிட்ட பேசறேங்கறான், பாருங்க தைரியத்த. வீடியோ கால்ல வந்தவன் என் நம்பர பிளாக் பண்ணிட்டான், அம்மா போன்ல இருந்து போட்டா எடுத்து குரல கேட்டதும் ராங் நம்பர்மான்னு வெச்சுட்டான். அதுலதான் அம்மாவுக்கு ரொம்ப கோவம், 7,850 கூட அப்புறம்தான்.

வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு பாட்டில எடுத்துட்டு போய் காட்டுனேன். ஆபீசர் திருப்பி பார்த்துட்டு பதிவு எண்ணே இல்ல, இது பூச்சி மருந்தே இல்லன்னு சொல்லிட்டார். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (தண்ணியில கரையற குருணை மருந்து), லிட்டருக்கு 0.4 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம், குருத்துக்குள்ள இறங்கற மாதிரி அடிக்க சொன்னார். பக்கத்து கடையில பில்லோட வாங்கி அடிச்சோம். சின்ன புழுவெல்லாம் அடங்கிடுச்சு, பெரிய புழு குருத்த எச்சத்தால அடைச்சுகினு உள்ள உக்காந்திருக்கறதுல பாதிக்கு மேல மருந்தே போகல. தெற்கு ஓரம் பூரா குருத்து போச்சு, அத மாட்டுக்குதான் அறுக்கணும், அதுவும் மருந்து அடிச்சிருக்கறதால உடனே போட முடியாது.

டிப்ஸ் சொல்றேன்னேன் இல்ல, சுருக்கமா சொல்லிடறேன். பாட்டில்ல மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தோட பதிவு எண், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, டைமண்ட் வடிவத்துல கலர் குறி, இது இல்லன்னா தொடாதீங்க. எல்லா பயிருக்கும் எல்லா புழுவுக்கும்னு போட்டிருந்தா ஓடிடுங்க. பில் இல்லாம வாங்காதீங்க. முன்பணம் போடாதீங்க. புழுவ கரெக்டா சொல்றான்னு மருந்தையும் நம்பாதீங்க. கடைசி உழவுல ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சிய வாசனை காட்டி புடிக்கறது), இதெல்லாம் முன்னாடியே செய்யறது. சந்தேகம்னா விரிஞ்சிபுரம் கே.வி.கே. (வேளாண் அறிவியல் நிலையம்) இருக்குது, இல்ல கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

சைபர் மோசடிக்கான 1930க்கும், நுகர்வோர் புகாருக்கான 1915க்கும் ரெண்டுக்கும் புகார் குடுத்திருக்கேன். பாட்டில், ஸ்டிக்கர், ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் பத்திரமா கீது. இதே தக்காளி பாட்டில் வேற யாருக்காவது வந்திருந்தா தூக்கி போடாதீங்க, கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்து போய் குடுக்கலாம். த்ரீ பேஸ் வந்துடுச்சு, மோட்டார் போடணும், மீதி அப்புறம்.