பா-பா சுரங்கம் மூடியிருந்தால்: மலைமேல் தள்ளுவதா, சாலையில் சுற்றுவதா?

அமெரிக்காவில் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லேண்டு வரை 184.5 மைல் ஓடுகிறது சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஓஹையோ) கால்வாய்க் கரைப்பாதை. அதில் 155ஆம் மைல் தாண்டியதும் பா-பா சுரங்கம். ஆற்றோட்டத் திசையில் அதன் கீழ்முனையை ஒட்டிய பாறைச் சரிவில் கல் விழுவதாலும், அதைச் சீர்செய்யும் வேலையாலும் இந்தத் துண்டு அவ்வப்போது மூடப்படுகிறது. அப்போது சைக்கிளில் போகிறவர்களுக்கு மூன்று வழிகள்: சுரங்கத்தின் தலைமேல் ஏறி இறங்கும் டனல் ஹில் நடைபாதை, கிரீன் ரிட்ஜ் காட்டுச் சாலைகள், ஹான்காக் ஊரிலிருந்து தார்ச்சாலை. என் வாக்கு முதலாவதற்கு.

ஆற்றோரமாகவே சுற்றிவிடலாமே என்று வரைபடம் பார்த்தால் தோன்றும். அப்படியொரு கரை வாய்த்திருந்தால் சுரங்கமே வெட்டியிருக்க மாட்டார்கள். பொடோமாக் நதி அங்கே 6 மைலுக்கு வளைந்து நெளிகிறது. அந்த வளைவுகளைத் தவிர்க்கத்தான் 1836இல் தொடங்கி 3,118 அடி குடைந்து, 1850இல் கால்வாயைத் திறந்தார்கள். பழைய ரயில்பாதையில் அமைந்த சைக்கிள் பாதையான வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில் டிரெயிலும் கைகொடுக்காது. சுரங்கத்துக்கு 14 மைல் முன்பே, லிட்டில் ஆர்லியன்ஸில் அது முடிந்துவிடுகிறது.

தார்ச்சாலை வழி சீனிக் 40, மேரிலாண்ட் 144 ஆகிய சாலைகளில் போகிறது. கம்பர்லேண்டு வரை ஏறத்தாழ 40 மைல். கரைப்பாதையில் ஹான்காக்கிலிருந்து அங்கே 60 மைல் என்பதால் இலாபமாகத் தெரியும். ஆனால் சைட்லிங் ஹில், டவுன் ஹில், கிரீன் ரிட்ஜ், போலிஷ் மவுண்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றம். பாரமில்லாத ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சரி. லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து ஓல்டுடவுன் போகும் காட்டுச் சாலைகளில் சரளையும் செங்குத்தும் அதிகம். 40 மி.மீ. டயராவது வேண்டும், வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

தீர்மானிப்பது தூரமல்ல, சுமை. டனல் ஹில் பாதை சுமார் 2 மைல், ஏற்றம் நூறு மீட்டருக்குச் சற்று மேல். பெரும்பகுதி தள்ளித்தான் ஆகவேண்டும். 15 கிலோ சைக்கிளில் 18 கிலோ மூட்டை இருந்தால், 15 சதவீதச் சரிவில் கிட்டத்தட்ட 5 கிலோவை விடாமல் முன்னே தள்ளுவதற்குச் சமம். மூட்டையைப் பாதியாக்கினால் அது 4 கிலோவுக்கும் கீழே வரும். அதனால் பலர் இரண்டு நடையாகக் கொண்டுபோக நினைக்கிறார்கள். இரண்டு நடை என்றால் முன்னும் பின்னுமாக மூன்று முறை நடை; 2 மைல் 6 மைலாகிவிடும். செங்குத்தான துண்டில் மட்டும் பைகளைக் கழற்றி, மேலே வைத்துவிட்டு வந்து சைக்கிளை ஏற்றுங்கள். பாதி வேலை மிச்சம்.

சங்கிலி இல்லாத இடப்பக்கம் நின்று, இடக்கை ஹேண்டில்பாரிலும் வலக்கை சீட்டிலுமாகத் தள்ளினால் பெடல் முழங்காலுக்குக் கீழே இடிக்காது. சீட்டைத் தாழ்த்தினால் வலக்கை தோள்வரை வலிக்காது. பெடலில் பூட்டிக்கொள்ளும் ரோடு கிளீட் ஷூ வேண்டவே வேண்டாம்; ஈர இலைமேல் வழுக்கும். இறக்கம்தான் உண்மையில் ஆபத்தானது. சுமை சைக்கிளை முன்னே இழுக்கும், இரண்டு பிரேக்கையும் பிடிக்க வேண்டும். முன் பிரேக் மட்டும் பிடித்தால் பின்சக்கரம் பக்கவாட்டில் சறுக்கி ஆளை இடிக்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ஏறுமுன் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மின் சைக்கிளுக்கு இதே தீர்ப்பை இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தள்ளும்போது மோட்டார் கைகொடுக்கும் நடைவேக உதவி இருந்தால் ஏற்றம் எளிது, ஆனால் 25 கிலோ வண்டியைத் தூக்கவேண்டிய இடம் வந்தால் தனியாளால் ஆகாது.

கிளம்புமுன் தேசியப் பூங்கா அறிவிப்பில் எந்த மைல் முதல் எந்த மைல் வரை மூடல் என்று எண்ணைப் பாருங்கள். நடைபாதையின் இரு முனைகளையும் தாண்டி மூடியிருந்தால் இந்த வழியும் இல்லை, சாலைதான். கீழ்ப்பக்கம் 154ஆம் மைலில் சாரல் ரிட்ஜ், மேல்பக்கம் 157இல் பர்ஸ்லேன் ரன் என்று இரண்டு முகாமிடங்கள் உள்ளன. குளிர்காலத்தில் அங்குள்ள தண்ணீர்க் கைப்பம்பின் கைப்பிடியை எடுத்துவிடுவார்கள், ஆகவே அந்த மாதங்களில் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும்.